இரவல் குரலில் ஒரு விசா!

போன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் செத்துப் போயிருந்தார்!

மேஜைக்கும் சுழல் நாற்காலிக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையிலிருந்து வழிந்த ரத்தம் கார்ப்பெட்டில் ஊறிக் கறுத்திருந்தது. தலைக்குப் பக்கத்தில் கனமான கண்ணாடிக் கேடயம் ஒன்று உருண்டு கிடந்தது. அதில் தங்க நிற எழுத்துகள்...

'ஆண்டின் சிறந்த முதலாளி!'

யாரும் கொடுத்ததில்லை. அவரே கடையில் சொல்லிச் செய்து, அவரே விழா வைத்து, அவரே கைதட்டி வாங்கிக்கொண்ட கேடயம்.

தரையில் கிடந்த போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. மதியம் சாப்பிட வருவாரா என்று கேட்கிறார்கள் போலிருக்கிறது.

வாசலில் நின்றவளுக்கு முதலில் மூச்சு வரவில்லை. அப்புறம் வந்தது... அலறலோடு!

"ஆ...!"

கீழ்த்தளத்துப் பல் ஆஸ்பத்திரியில் வாயைப் பிளந்து படுத்திருந்த பேஷண்ட் பட்டென்று வாயை மூடிக்கொண்டார். டாக்டரின் விரல் உள்ளே இருந்தது.

இரண்டாவது அலறல் டாக்டருடையது.

மேலே அலறியவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டோடு சேர்ந்து அந்த அறையின் இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவள் 'டப்பிங்'.

ஏன் அந்தப் பேர்?

அதில்தான் கொலையே இருக்கிறது.

* * *

போலீஸ் வந்தது. டேப் கட்டியது. போட்டோ எடுத்தது.

இன்ஸ்பெக்டர் அவளைப் பல் ஆஸ்பத்திரியின் வெயிட்டிங் ஹாலில் உட்கார வைத்தார். சுவர் முழுக்கப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் போஸ்டர்கள். டப்பிங்குக்கு எல்லாவற்றையும் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் சரளமாக வந்தது. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, அப்படியே தங்கிவிட்டவர். அப்போது படித்தவன் தங்கினால் நாட்டுக்கு நல்லது என்றார்கள். இப்போது நாட்டுக்குப் பாரம் என்கிறார்கள்.

"தண்ணி குடிங்க. செத்தவர் உங்களுக்கு யாரு?"

"எங்க எம்.டி. சார்."

"அவர் கம்பெனில உங்களுக்கு என்ன வேலை?"

"சாஃப்ட்வேர் இன்ஜினியர்."

"மேல மொத்த ஆபீஸையும் பார்த்துட்டேன்மா. பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனா ஒரு இஸ்திரிப் பெட்டி இருக்கு. கூடை நிறையச் சட்டை இருக்கு. எந்த சாஃப்ட்வேரைத் தேய்க்கறீங்க?"

டப்பிங் சுவரில் சிரித்த பற்களைப் பார்த்தாள்.

என்னவென்று சொல்வாள்?

படித்து முடித்தவர்கள் இந்த நாட்டில் தங்கி வேலை பார்க்க அரசாங்கம் ஒரு விசா கொடுக்கிறது. கெடுவுக்குள் படிப்புக்கேற்ற வேலையைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கம்பெனிகளோ விசா என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்தும். விசாவுக்கு வேலை வேண்டும், வேலைக்கு விசா வேண்டும்! படிக்க வரும்போது ஏர்போர்ட்டில் 'நல்வரவு' பலகை. படித்து முடித்ததும் அதே ஏர்போர்ட்டுக்கு வழி காட்டும் கை. வெட்கங்கெட்ட விருந்தோம்பல்!

அந்த பயத்தில் கடை விரித்தவர்தான் எம்.டி.

பேப்பரில் அவரிடம் எல்லாரும் இன்ஜினியர்கள். நிஜத்தில் இயந்திரவியல் படித்தவன் அவர் காரைக் கழுவினான். உயிரியலில் முதலாவதாக வந்தவள் அவர் சட்டைகளைத் தேய்த்தாள். சம்பளம் கிடையாது. பாஸ்போர்ட் அவருடைய அலமாரியில் 'பத்திரமாக' இருக்கும். யாராவது முறைத்தால் போனை எடுத்து ஆட்டிக் காட்டுவார்.

"இமிக்ரேஷன் ஆபீஸுக்கு ஒரே ஒரு மெயில்தான் கண்ணா... நாளைக்கே பிளைட்டு!"

அவர் செத்ததற்காக அந்த ஊரில் ஒருத்தரும் அழப்போவதில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் மாடிப்படில நின்னு, 'உன்னைக் கொல்லாம விட மாட்டேன்'னு கத்தினீங்களாமே? பல் டாக்டர் சொல்றார்."

"கோபத்துல சொன்னேன் சார்."

"அப்படி என்ன கோபம்?"

டப்பிங்குக்கு நேற்றைய கோபம் இன்றும் ஆறவில்லை. தொண்டை வரை வந்துவிட்டது.

"ஒரு பெரிய கம்பெனி என்னை வேலைக்கு எடுத்துச்சு சார்! என் பேர்ல... எனக்கே எனக்குன்னு கிடைச்ச வேலை! விசாவுக்கும் அவங்களே எழுதறேன்னாங்க. நான் எப்படின்னு விசாரிக்க எம்.டி.க்கு போன் பண்ணியிருக்காங்க. அதுக்கு இந்த ஆளு 'கை சுத்தம் கிடையாது, உஷார்'னு சொல்லிட்டாரு! எனக்குப் பதினஞ்சு வயசுலேர்ந்து பள்ளிக்கூடத்து ஆபீஸ் சாவியையே நம்பிக் குடுத்தாங்க சார்... என்னைப் போய் திருடின்னுட்டாரு!"

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

"நான் போயிட்டா அவருக்கு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"அவருக்கு?"

"...நல்லா வேலை செய்யற ஆள் போயிடுவேன்ல சார்."

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். நம்பின மாதிரி தெரியவில்லை.

"சரி. இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

டப்பிங் தன் போனை நீட்டினாள். எம்.டி.யின் நம்பரிலிருந்து வந்த மெசேஜ். 'பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போ. ப்ளீஸ், உடனே வா.'

"இதைப் பார்த்துட்டு ஓடி வந்தேன் சார். வந்து பார்த்தா..."

"போலீஸ் டாக்டர் கணக்குப்படி பதினொண்ணுலேர்ந்து பன்னண்டுக்குள்ள ஆள் காலி. அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

டப்பிங் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுல... தலைவலி. படுத்திருந்தேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. என் ரூம்ல தனியாத்தான்."

பச்சைப் பொய்!

அந்த ஒரு மணி நேரமும் அவள் வாய் மூடவே இல்லை.

* * *

எம்.டி. அவளை விடாததற்குக் காரணம் அவளுடைய தொண்டை.

வேலைக்கான வீடியோ இன்டர்வியூக்களில் கேமராவுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள். கேள்வியை ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு அடுத்த அறையிலிருந்து டப்பிங் பதில் சொல்வாள். முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. அவள் பேசி வேலை கிடைக்காத முகம் கிடையாது; அதற்கு வாங்குகிற காசு எம்.டி.க்கு. திருட்டுத்தனம்தான். ஆனால் நேர்வழியில் நின்றவர்களை வரிசையாக பிளைட் ஏற்றி அனுப்பியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

இன்றைக்குக் காலையில் அவள் குரல் கொடுத்தது சித்தி மகளுக்கு.

அவளை எல்லாரும் 'செல்ஃபி' என்பார்கள். பார்க்க அத்தனை லட்சணம். இரண்டு வருடம் முன்பு டப்பிங்தான் அவளை இந்த நாட்டுக்கு வரவழைத்தாள். அங்கே ஏர்போர்ட்டிலிருந்து சித்தி போனில் அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. 'உன்னை நம்பித்தான்டி அனுப்பறேன். அவளுக்கு ஒண்ணுன்னா நீதான் பார்த்துக்கணும்.'

செல்ஃபியின் விசா இந்த மாதத்தோடு முடிகிறது. இது கடைசி ரவுண்டு. கிடைத்தால் வேலை, விசா, வாழ்க்கை. கிடைக்காவிட்டால் ஊர்.

காலையில் செல்ஃபி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, லேப்டாப்ல கேமரா வேலை செய்யல! போன ரவுண்டுல முகத்தைப் பார்த்தாச்சு, இன்னிக்கு ஆடியோ மட்டும் போதும்னு சொல்லிட்டாங்க. நீ பேசு. எனக்கு ஒரே படபடப்பா இருக்கு... நான் என் ரூம்ல உட்கார்ந்து ஹெட்செட்ல கேட்டுக்கிட்டிருக்கேன்."

டப்பிங் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளுத்து வாங்கினாள். முடித்துவிட்டுப் பார்த்தால் போனில் எம்.டி.யின் மெசேஜ். பாஸ்போர்ட்! காலில் செருப்பு சரியாக நுழைவதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

ஆக, அவள் கொலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அவள் பேசியதைக் கேட்ட ஒரு பெரிய கம்பெனி மேனேஜர்!

ஆனால் அதைச் சொன்னால்...?

செல்ஃபியின் வேலை போகும். இரண்டு பேருக்கும் விசா போகும். மோசடி என்று முத்திரை குத்தி, இந்த ஜென்மத்தில் திரும்ப வர முடியாமல் அனுப்புவார்கள்.

டப்பிங் பல்லைக் கடித்துக்கொண்டாள். செய்யாத கொலைக்குச் சாட்சி வைத்துக்கொண்டும் வாயைத் திறக்க முடியவில்லை. வாயால் பிழைத்தவளுக்கு வந்த கேட்டைப் பாருங்கள்!

* * *

இன்ஸ்பெக்டர் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். செல்ஃபிக்கும் ஆள் போனது.

அரைமணி நேரத்தில் அழுது சிவந்த கண்களோடு வந்து சேர்ந்தாள். காரிடாரில், காபி மெஷினுக்குப் பக்கத்தில், இரண்டு பேருக்கும் ஒரு நிமிடம் கிடைத்தது.

"அக்கா!" செல்ஃபி கட்டிக்கொண்டாள். "என்னக்கா இது? உன்னைப் போய்..."

"கத்தாத. நான் எதுவும் சொல்லல. தலைவலின்னு சொல்லியிருக்கேன்."

"இன்டர்வியூவைப் பத்தி...?"

"வாயே திறக்கல."

செல்ஃபி நீளமாக மூச்சு விட்டாள்.

"சொல்லிடாதக்கா. ப்ளீஸ்! எனக்கு இந்த வேலையை விட்டா வேற கதியில்ல. அம்மா உடைஞ்சு போயிடுவாங்க."

"உன்னை மாட்டி விடுவேனாடி? உண்மையான கொலைகாரன் சிக்குவான். அதுவரைக்கும் தாங்கிக்கறேன்."

"என் அக்கா தெய்வம்!" செல்ஃபி அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னமா பேசினக்கா இன்னிக்கு! நான் சேரை விட்டு எந்திரிக்கவே இல்ல. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்."

"வேலை கிடைச்சிடும் பாரு," என்றாள் டப்பிங். இந்த நிலைமையிலும் தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

* * *

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். வேண்டுமென்றேதான்.

"ஒரே வீட்டுல இருக்கீங்க. பதினொண்ணுலேர்ந்து பன்னண்டு வரைக்கும் உங்க அக்கா வீட்டுல இருந்தாங்களா?"

செல்ஃபி தயங்கினாள். அக்காவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"தெரியல சார். நான் என் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இன்டர்வியூல இருந்தேன். அக்கா வெளிய போனாளா, உள்ள இருந்தாளான்னு... பொய் சொல்ல மாட்டேன் சார். தெரியல."

டப்பிங்குக்குச் சுருக்கென்றது. 'இருந்தாள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சரி, பயந்த பெண், பாவம்... என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"இன்டர்வியூவா? யார் கூட?"

செல்ஃபி கம்பெனிப் பேரையும் மேனேஜர் நம்பரையும் கடகடவென்று ஒப்பித்தாள். அவரும் தமிழ்தான் என்றாள். இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார்.

"எப்படிப் போச்சு?"

அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"நல்லாப் போச்சு சார். ஒரு தொந்தரவும் இல்ல. அமைதியா, ஒரு மணி நேரம், இடைவெளியே இல்லாம."

டப்பிங் நிமிர்ந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"வழக்கமானதுதான் சார். திரைல ஒரு புரோகிராமைக் காட்டி, இதுல என்ன தப்புன்னு கேட்டாங்க. டீம்ல சண்டை வந்தா எப்படிச் சமாளிப்பேன்னு கேட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு..."

டப்பிங் திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

அத்தனையும் பொய்!

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இன்டர்வியூ முடிந்த கையோடு குரலும் முகமும் எதிரெதிரே உட்காரும். கேட்ட கேள்வி, சொன்ன பதில், நடுவில் அடித்த ஜோக், தும்மல் உட்பட எல்லாவற்றையும் குரல் சொல்ல, முகம் மனப்பாடம் செய்யும். வேலையில் சேரும் அன்று 'அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே' என்று யாராவது ஆரம்பித்தால் முகம் முழிக்கக் கூடாது. அதற்கு 'ரீகேப்' என்று பேர். ரீகேப் முடியாமல் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்பது டப்பிங்கின் கண்டிப்பு.

இன்றைக்கு ரீகேப் நடக்கவில்லை. மெசேஜைப் பார்த்ததும் ஓடிவிட்டாளே!

அதனால் என்ன? செல்ஃபிதான் அடுத்த அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையும் கேட்டாளே!

கேட்டிருந்தால்...?

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இன்டர்வியூ ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அந்த மேனேஜரின் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அலறியது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே மாடிப்படி இறங்கினார். மூச்சு வாங்க, "வெச்சுடாதீங்க, ரோட்டுல நின்னே பேசலாம்" என்றார். திரையும் இல்லை, புரோகிராமும் இல்லை. நடுத்தெருவில் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கதை பேசுகிற மாதிரி பேசித்தான் முடித்தார்கள்.

அதைப் போய் அமைதி என்கிறாள்! இடைவெளி இல்லை என்கிறாள்!

அவள் அடுத்த அறையில் இல்லை.

அப்படியானால் எங்கே இருந்தாள்?

டப்பிங்குக்கு அந்த மெசேஜ் நினைவுக்கு வந்தது. 'ப்ளீஸ், உடனே வா.' எம்.டி. பெற்ற தாயிடம்கூட ப்ளீஸ் போட்டிருக்க மாட்டார். வாய்க்கு வாய் ப்ளீஸ் போடுகிறவள் இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்!

கோபம் மெல்ல மெல்ல உச்சந்தலைக்கு ஏறியது.

இன்ஸ்பெக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ, போலீஸ்லேர்ந்து பேசறோம். இன்னிக்குக் காலைல ஒரு பொண்ணை இன்டர்வியூ பண்ணீங்களா?"

"ஆமா, பண்ணேன்." மேனேஜர் குரல் உற்சாகமாக வந்தது. "பதினொண்ணுலேர்ந்து பன்னண்டு வரைக்கும். அருமையான பொண்ணு! ஏன், எதுவும் பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல. நேரத்தை உறுதி பண்ணிக்கத்தான்."

செல்ஃபியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்துவிட்டு மறைந்தது.

அந்தச் சிரிப்பு டப்பிங்கின் கண்ணில் பட்டது.

இன்ஸ்பெக்டரின் விரல் போனை அணைக்கப் போனது.

"ஒரு நிமிஷம் சார்!"

டப்பிங் எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாயைத் திறந்தால் விசா போகும். படித்த படிப்பு, பட்ட பாடு எல்லாம் போகும். தெரிந்துதான் திறந்தாள்.

வந்தது வேறு குரல். தெளிவான, நிதானமான, எந்தக் கம்பெனியும் வேலை கொடுத்துவிடுகிற குரல்!

"வணக்கம் சார். நல்லவேளை, நெருப்பு எதுவும் இல்லையே? படியிறங்கும்போது கால் வழுக்கிச்சுன்னீங்களே... இப்ப வலி பரவாயில்லையா?"

போனில் பெரிய சிரிப்பு.

"அட, நீங்களா! பக்கத்துலதான் இருக்கீங்களா? கால் பரவாயில்லம்மா. இன்ஸ்பெக்டர் சார், இந்தப் பொண்ணுதான்! தீ மணி அடிச்சு நான் நடுரோட்டுல நின்னப்பகூடப் பதறாம பதில் சொன்னாங்க பாருங்க... இவங்களேதான்!"



இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பி செல்ஃபியைப் பார்த்தார்.

"உங்க இன்டர்வியூ அமைதியாப் போச்சுன்னீங்க. அதுல எந்தத் தீ மணியும் காணோமே?"

செல்ஃபியின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது.

"அது... மறந்துட்டேன் சார்... பதட்டத்துல..."

"பேசுங்க. இப்ப அவர்கிட்ட நாலு வார்த்தை பேசுங்க. குரல் ஒத்துப் போகுதான்னு பார்ப்போம்."

செல்ஃபி வாயைத் திறந்தாள். அசைத்தாள். பழக்க தோஷம்... சத்தம் வரவில்லை!

"இது ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச திருட்டுத்தனம் சார்," என்றாள் டப்பிங். "முகம் இவளோடது. பேசினது நான். அந்த ஒரு மணி நேரமும் நான் பேசிக்கிட்டிருந்தேன். இவ வீட்டுலயே இல்ல."

"அக்கா! நம்ம ரெண்டு பேர் விசாவும் போயிடும்கா! சும்மா இருக்கா!"

"போகட்டும்!"

"அம்மாவை நினைச்சுப் பாருக்கா..."

"நினைச்சதாலதான்டி இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டிருந்தேன்!"

செல்ஃபி சுற்றும் முற்றும் பார்த்தாள். கதவில் போலீஸ். ஜன்னலில் கம்பி. அழுகை நின்றது. முகம் மாறியது. அந்த லட்சணமான முகத்துக்குள் இப்படி ஒரு முகம் இருக்கும் என்று டப்பிங் கனவிலும் நினைத்ததில்லை.

"வேற என்ன பண்ணச் சொல்ற? வேலை கிடைச்சாலும் நான் அந்த ஆளுக்கு அடிமையாம்! கூப்பிட்டப்பல்லாம் அவன் கெஸ்ட் ஹவுஸுக்குப் போகணுமாம். இல்லாட்டி 'குரல் இவளுது இல்ல'ன்னு கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுடுவானாம்! காலம் பூரா இப்படியே கிடக்கணுமா? போனேன். திரும்பி நின்னான். கேடயம் கைக்கு வாட்டமா இருந்துச்சு. போட்டேன்!"

"அப்புறம்?" இன்ஸ்பெக்டரின் குரல் அமைதியாக வந்தது.

"அவன் விரலை வெச்சே போனைத் திறந்து மெசேஜ் அனுப்பினேன்."

"எனக்கு!" டப்பிங் இரண்டே எட்டில் அவள் முன்னால் போய் நின்றாள். "அவனைக் கொன்னதுக்குக்கூட நான் உனக்காகக் கோர்ட் வாசல்ல நின்னு அழுதிருப்பேன்டி! வந்து என்கிட்டச் சொல்லியிருந்தா அந்தக் கேடயத்தை நானே தூக்கியிருப்பேனோ என்னமோ! என்னை ஏன்டி மாட்டி விட்ட? உனக்காகப் பேசிக்கிட்டிருந்தவளை... உன் பேரைச் சொல்லி, உன் பொழைப்புக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கிட்டிருந்தவளை எதுக்குடி பொணத்துக்கிட்ட வரவழைச்ச?"

செல்ஃபி கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.

"குரல் என்னுது இல்லன்னு உலகத்துல ரெண்டே பேருக்குத்தான்கா தெரியும். ஒருத்தன் செத்தாச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் டப்பிங்குக்குப் பேச எதுவும் இல்லை. கை மட்டும் பேசியது. 'பளார்' என்ற சத்தம் காரிடார் வரை கேட்டது.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்ஃபியை அழைத்துப் போனார்கள்.

மேஜை மேல் கிடந்த போன் மெல்லக் கனைத்தது. மேனேஜர் இன்னும் லைனில்தான் இருந்தார்!

"எல்லாம் கேட்டேன். அநியாயம், அக்கிரமம்! அது சரி சார்... திங்கட்கிழமை எனக்கு வேலைக்கு யாராவது வருவாங்களா, மாட்டாங்களா?"

இன்ஸ்பெக்டர் போனை அணைத்தார்.

* * *

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

டப்பிங் நாற்காலியில் சரிந்திருந்தாள். கோபம் வடிந்த இடத்தில் சித்தியின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி அவளுக்கு என்ன பதில் சொல்வது? ஊர் ஏர்போர்ட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"எப்ப சார் என்னை அனுப்புவீங்க?" என்றாள்.

"எங்க?"

"ஊருக்குத்தான். இன்டர்வியூ மோசடியை நானே ஒத்துக்கிட்டேன். விசா போச்சு. ஒரு பெட்டிதான், சீக்கிரம் கட்டிடுவேன். உங்க நாட்டுக்கு என்னை வெளிய தள்ளத்தானே அவ்வளவு அவசரம்? முதல் வகுப்புல பாஸ் பண்ணா போங்கறீங்க. வேலை தேடிப் பிடிச்சா போங்கறீங்க. உண்மையைச் சொன்னாலும் போன்னுதான் சொல்லப்போறீங்க. சொல்லுங்க, போறேன்!"

இன்ஸ்பெக்டர் அவள் பொரிந்து தள்ளி முடிக்கும் வரை காத்திருந்தார். அப்புறம் எதிரே உட்கார்ந்தார்.

"மோசடி மோசடிதான். அதுக்குத் தனியா கேஸ் வரும். நான் காப்பாத்த முடியாது. ஆனா..."

"ஆனா?"

"நீங்க எங்கயும் போக முடியாதும்மா."

"என்ன சார் சொல்றீங்க?"

"இது கொலை வழக்கு. அவ அந்த நேரத்துல வீட்டுல இல்லன்னு சொல்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. முக்கியமான சாட்சி. கேஸ் முடியற வரைக்கும் நாட்டை விட்டு ஒரு அடி வெளிய வைக்கக் கூடாது. இமிக்ரேஷன் ஆபீஸே நினைச்சாலும் உங்களை அனுப்ப முடியாது."

டப்பிங் விழித்தாள்.

"அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன சார் பண்றது?"

"சாட்சியைப் பட்டினி போட முடியுமா? தங்கறதுக்கும் வேலை பார்க்கறதுக்கும் அனுமதி நாங்களே வாங்கித் தருவோம். எந்தக் கம்பெனில வேணும்னாலும் சேரலாம். சொந்தக் குரல்ல, சொந்த முகத்தோட."

"கேஸ் முடிய எவ்வளவு நாள் சார் ஆகும்?"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"எங்க கோர்ட்டா? அப்பீல், மேல் அப்பீல்னு போனா... எனக்கு ரிட்டயர்மென்ட் ஆயிடும்மா."

டப்பிங்குக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் தள்ளிவிட்டுக் கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"நல்ல நாடு சார் உங்க நாடு! டிகிரியைக் காட்டினப்பக் குடுக்காத விசாவை, டெட் பாடியைக் காட்டினதும் குடுக்கறீங்க!"